முன்பணம் விலங்காகக் கூடாது

ஆரணிப் பட்டு என்று கடைகளில் விரித்துக் காட்டப்படும் சேலைகளில் சந்தவாசல் போன்ற சுற்றுவட்டார ஊர்களின் உழைப்பும் அடங்கியிருக்கிறது. பாவும் ஜரிகையும் முதலாளி தருவார். உட்கார்ந்து நெய்வது நெசவாளர் குடும்பம். தறி வைக்க, மகள் கல்யாணத்துக்கு, ஆஸ்பத்திரிச் செலவுக்கு என்று வாங்கும் முன்பணம் பட்டு நெசவில் நெடுங்கால வழக்கம். வங்கி கைவிரிக்கும் நேரத்தில் உதவுவது அதுதான். எனவே முன்பணம் கொடுப்பதையே குற்றம் என்று சொல்ல மாட்டோம். ஆனால், கடன் தீரும்வரை வேறு ஒருவருக்கு நெய்யக் கூடாது என்ற நிபந்தனை அதனுடன் சேர்ந்துவிட்டால், அது உதவியல்ல.

1976-ஆம் ஆண்டின் கொத்தடிமைத் தொழிலாளர் முறை ஒழிப்புச் சட்டம் இதைத் தெளிவாகச் சொல்கிறது. முன்பணத்துக்கு ஈடாக வேறு வேலைக்குப் போகும் உரிமையை ஒருவர் இழந்தாலே அது கொத்தடிமை முறைதான். பூட்டிய கதவும் அடியாளும் இருந்தாக வேண்டும் என்பதில்லை. அப்படிப்பட்ட கடனைத் திருப்பித் தர வேண்டியதில்லை. பிணைத்து வைப்பவருக்கு மூன்று ஆண்டு வரை சிறை. குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே கொடுத்து வேலை வாங்குவது கட்டாய உழைப்பு என்று உச்ச நீதிமன்றம் 1982-லேயே தீர்ப்பளித்திருக்கிறது.

விநியோகச் சங்கிலியில் அடிமைத்தனம் இல்லை என்று நிறுவனங்கள் உறுதிப்படுத்த வேண்டும் என்ற குரல் இன்று உலகெங்கும் கேட்கிறது. பிரிட்டன் 2015-லும் ஆஸ்திரேலியா 2018-லும் இதற்காகச் சட்டம் இயற்றின. இந்தியாவில் சந்தை மதிப்பில் முதல் 1,000 இடங்களில் உள்ள பட்டியலிட்ட நிறுவனங்கள் மனித உரிமை குறித்தும் அறிக்கை தர வேண்டும் என்கிறது பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபி. அறிக்கைகள் வருகின்றன. ஆனால் தணிக்கையாளர் பார்ப்பது கிடங்கையும் கணக்குப் புத்தகத்தையும். தறியோ வீட்டுக்குள் இருக்கிறது. கடைக்கும் தறிக்கும் இடையில் இரண்டு மூன்று கைகள் மாறிவிடுகின்றன. காஞ்சிபுரம் பட்டுத் தறிகளில் முன்பணத்துக்குப் பிணைக்கப்பட்ட சிறுவர்களைப் பற்றி மனித உரிமை அமைப்பான ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் 2003-இல் எழுதியது. அந்தத் தறிகளில் பலவும் வீடுகளுக்குள் இருந்தவைதான்.

மாற்று வழி நம் மாநிலத்திலேயே இருக்கிறது. திண்டுக்கல் ஆயத்த ஆடைத் தொழிற்சாலை ஒன்றில் பெண்கள் மீதான வன்கொடுமை வெளியே வந்த பிறகு, 2022-இல் தொழிற்சங்கமும் உற்பத்தி நிறுவனமும் ஆடை விற்கும் எச் அண்ட் எம் நிறுவனமும் கையெழுத்திட்ட திண்டுக்கல் ஒப்பந்தம் வெறும் வாக்குறுதியல்ல. விதி மீறினால் வியாபாரம் பாதிக்கும் என்று அது கட்டிப்போட்டது, தொழிலாளர்களே கண்காணித்தார்கள். பட்டு வணிகத்துக்கும் இந்த அளவுகோல் வேண்டும்.

முன்பணத்தைத் தராவிட்டால் நெசவாளர் தவித்துப்போவார், கொடுத்தால் ஓடிவிடுவார் என்பது சிறு முதலாளிகளின் கவலை. கவலை நியாயமானது, ஆனால் பிணைப்பது தீர்வாகாது. கடனும் வேலையும் தனித்தனிக் கணக்காக வேண்டும். வாங்கிய தொகை, பிடித்தம், பாக்கி மூன்றும் நெசவாளர் கையில் உள்ள புத்தகத்தில் எழுதப்பட வேண்டும். நெசவாளருக்கான முத்ரா கடனும் கூட்டுறவுச் சங்கக் கடனும் அலைச்சல் இல்லாமல் கிடைக்க வேண்டும்.

பெரிய ஜவுளி நிறுவனங்கள் தாங்கள் வாங்கும் சேலை எந்தத் தறியில் நெய்யப்பட்டது, அதற்கு என்ன கூலி கிடைத்தது என்று தறிவீடு வரை வந்து கேட்க வேண்டும். கூலிக்குக் கட்டுபடியாகாத விலைக்குச் சேலை கேட்பதை அவை முதலில் நிறுத்தட்டும். சட்டப்படி அமைய வேண்டிய கண்காணிப்புக் குழுக்களை மாவட்ட நிர்வாகம் தவறாமல் கூட்டி, அவற்றில் நெசவாளர்களையும் உட்கார வைக்க வேண்டும். பிடித்த இடத்தில் நெய்யும் உரிமை நெசவாளருக்கு இல்லையென்றால், அந்தச் சேலையை நேர்மையான சரக்கு என்று விற்கும் உரிமை எந்த நிறுவனத்துக்கும் இல்லை.