85 மி.மீ. வில்லையும் பள்ளி மேடையும்

பள்ளி நிகழ்ச்சிகளைப் படமெடுக்கும் பொறுப்பு எல்லாத் தமிழ்ப்பள்ளிகளிலும் யாரேனும் ஓர் ஆசிரியர் தலையில்தான் விழுகிறது. எங்கள் பள்ளியில் அந்த ஆசிரியர் நான். இம்மாதம் கெனான் நிறுவனத்தின் 85 மி.மீ. எஃப் 1.8 வில்லை ஒன்று என் கைக்கு வந்தது. மூன்று நிகழ்ச்சிகளில் பயன்படுத்திப் பார்த்தபின் தோன்றியவற்றை ஆசிரிய நண்பர்களுக்கும் பெற்றோர்களுக்கும் சொல்ல விழைகிறேன்.

இது புதிய வரவு அன்று. 1992இல் வெளிவந்த வில்லை. எடை 425 கிராம். பிள்ளைகள் மிரளும் பீரங்கி போலில்லாமல் அடக்கமாக இருக்கிறது. குவிப்பு விரைவாகவும் ஏறக்குறைய ஓசையின்றியும் நிகழ்கிறது. முகப்படம் எடுப்பதற்கென்றே பலரும் இதை வாங்குகின்றனர். என் எண்ணமோ, இது பள்ளி மேடைக்கென்றே பிறந்தது என்பதாகும்.

காரணம் வெளிச்சம். கருவியோடு சேர்ந்து வரும் சாதாரண ஜூம் வில்லையை முழுதும் நீட்டினால் அதன் துளை பெரும்பாலும் எஃப் 5.6 அளவுக்குக் குறுகிவிடும். எஃப் 1.8 துளையோ ஏறத்தாழ அதைப்போல் பத்து மடங்கு ஒளியை உள்ளே விடுகிறது. மண்டபத்துக் குழல்விளக்கில் 1/20 நொடி கேட்கும் படத்தை 1/200 நொடியில் எடுத்துவிடலாம். கதை சொல்லும் பிள்ளை கையைச் சும்மா வைத்திருப்பதில்லை அல்லவா? 1/20 நொடியில் அந்தக் கை புகையாகப் பதியும். 1/200இல் விரல்களை எண்ணலாம். பளிச்சொளிக்கு, அதாவது ஃபிளாஷுக்கு, வேலையே இல்லை.

இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன்? ஏழு வயதுப் பிள்ளை திருக்குறளை மனனம் செய்து மேடையேறுகிறது. நான்கடி தொலைவில் ஆறேழு திறன்பேசிகள். கண்ணைப் பறிக்கும் ஒளி. பாதிக் குறளில் திகைத்து நின்ற பிள்ளைகளை நாம் அனைவரும் பார்த்திருக்கிறோம். பெற்றோரின் ஆர்வம் எனக்குப் புரியாததன்று. ஆயினும் அந்த மூன்று நிமிடம் பிள்ளைக்குரியது. இந்த வில்லை படமெடுப்பவரைப் பின்னுக்குத் தள்ளுகிறது. சிறிய உணரி கொண்ட என் கருவியில், முதலாமாண்டு மாணவர் தலை முதல் கால்வரை அடங்க ஏறத்தாழ 6 மீட்டர் விலகி நிற்க வேண்டும். அங்கே நிற்பவரைப் பிள்ளை கவனிப்பதே இல்லை.

குறைகளும் உண்டு. நடுக்கம் தணிக்கும் அமைப்பு இதில் இல்லை. துளையை முழுதும் திறந்தால் வெள்ளைச் சீருடையின் கழுத்துப்பட்டை ஓரத்தில் ஊதா நிறம் படர்கிறது. எஃப் 4க்குச் சுருக்கினால் பெரிதும் அடங்கிவிடும்.

பின்னணியைக் கரைத்துவிடும் அழகைத்தான் எல்லாரும் புகழ்கின்றனர். எனக்கு அதில் பாதி உடன்பாடே. 2 மீட்டர் தொலைவில், எஃப் 1.8இல், என் கருவியில் தெளிவாக விழும் ஆழம் சுமார் 4 செண்டிமீட்டர். கண் தெளிந்தால் காது மங்கும். பின்னாலிருக்கும் கரும்பலகையும், பக்கத்து இருக்கைத் தோழியும், சுவரில் ஒட்டிய உயிரெழுத்து அட்டையும் வண்ணக் குழம்பாகிவிடும். பரிசு பெற்ற பிள்ளையின் முகம் மட்டும் மிஞ்சும். மாணவர் எண்ணிக்கை குறைந்த தமிழ்ப்பள்ளிகள் பல உள்ள நாட்டில், வகுப்பறையும் உடனிருந்தவர்களும் படத்தில் இருக்க வேண்டாமா? இருபது ஆண்டுகள் கழித்து அப்பிள்ளை தேடப்போவது தன் மூக்கையா, பக்கத்தில் அமர்ந்திருந்தவளையா? ஆகவே மேடையில் துளையைத் திறக்கிறேன். சன்னல் ஒளி நிறைந்த வகுப்பறையில் எஃப் 5.6க்குச் சுருக்கிக்கொண்டு சற்றுத் தள்ளி நிற்கிறேன்.

பெற்றோர் ஆசிரியர் சங்கங்களுக்கு ஒரு வேண்டுகோள். பள்ளிக்கென இத்தகைய வில்லை ஒன்றை, பழையதாயினும், வாங்கி வையுங்கள். ஒருவர் பின்வரிசையிலிருந்து எல்லாப் பிள்ளைகளையும் எடுக்கட்டும். மேடையேறிய ஒவ்வொருவரின் படமும் அவரவர் பெற்றோரிடம் சேரட்டும். மற்றவர்கள் அமர்ந்து கைதட்டலாம்.