படகு வலிக்கலாம்... சிப்பத்தையும் கொஞ்சம் தூக்குங்கள்!

"ஒரு சாமான் வாங்கியிருக்கேண்ணே, வந்து பாருங்க!" என்று வில்லாபுரம் ஹவுசிங் போர்டு காலனியிலிருந்து நண்பர் போன் செய்தார். போய்ப் பார்த்தால், ஹாலில் டி.வி.க்கும் சோபாவுக்கும் நடுவே ஒரு ரோயிங் மெஷின்! எட்டடி நீளம். அவர் வீட்டு ஹாலே பத்துக்குப் பன்னிரண்டுதான். அடுப்படிக்குப் போகிறவர்கள் அதைத் தாண்டித்தான் போக வேண்டும். வாங்கி மூன்று மாசமாம். கைப்பிடியில் இரண்டு துண்டும் ஒரு சேலையும் காய்ந்துகொண்டிருந்தன.

"ஏறி உட்கார்ந்து இழுத்தாப் போதும், உடம்பு பூரா எக்சர்சைஸ் ஆயிடும். வெயிட் கியிட் தூக்கவே வேணாம்னு கடையில சொன்னாங்க" என்றார்.

கடைக்காரர் சொன்னதில் பாதி சரி. மீதிப் பாதியைத்தான் உங்களிடம் பேச வேண்டும். ஏனென்றால், உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு மெஷின் வாங்கலாமா என்று பேச்சு ஓடிக்கொண்டிருக்கலாம். நல்ல காற்றுச் சக்கர மெஷின் லட்ச ரூபாயைத் தாண்டும். பெண்ணுக்கு ஒரு தோடு வாங்கக்கூட நாலு கடை ஏறி இறங்குகிறோம். இதற்கும் கொஞ்சம் யோசிக்கலாம், தப்பில்லை.

நம்ம ஊருக்கும் துடுப்புக்கும் தூரம். வைகையில் தண்ணீர் ஓடினால் அதுவே செய்தி. வண்டியூர் தெப்பக்குளத்தில் தைத் தெப்பத்தன்று மீனாட்சியும் சொக்கரும் தண்ணீரில் சுற்றி வருகிறார்கள். அந்தத் தெப்பத்தையும் கரையில் நின்று வடம் பிடித்துத்தான் இழுக்கிறோம். துடுப்பு போட்டுப் பழக்கமில்லாத ஜனம் நாம். சென்னைக்காரர்களுக்காவது அடையாற்றங்கரையில் 1867-லிருந்து மெட்ராஸ் போட் கிளப் இருக்கிறது.

ஆனால் தண்ணீர் இல்லாத ஊரிலிருந்தும் படகோட்டி வரலாம். தத்து பொகனால் என்று ஒருவர். மகாராஷ்டிரத்தில், மழை பொய்க்கும் நாசிக் பக்கத்துக் கிராமத்துக்காரர். கிணறு வெட்டும் குடும்பம். 2012-ல் ராணுவத்தில் சேர்ந்த பிறகுதான் துடுப்பைத் தொட்டார். நாலே வருஷத்தில், 2016 ரியோ ஒலிம்பிக்ஸில் ஒற்றையாள் படகுப் போட்டியில் 13-வது இடம்! 2018 ஆசிய விளையாட்டில் நால்வர் படகில் தங்கம். தரையில் வைத்திருக்கும் இந்த மெஷினும் அவரைப் போன்றவர்களுக்காக வந்ததுதான். ஆறு, ஏரி உறைந்து கிடக்கும் மாதங்களிலும் பயிற்சி விட்டுப் போகக்கூடாது என்று அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் இரண்டு சகோதரர்கள் 1981-ல் ஒரு மெஷின் செய்து விற்றார்கள். காற்றை அடிக்கும் சக்கரத்துக்கு அவர்கள் எடுத்துக்கொண்டது சைக்கிள் சக்கரம்!

இனி அந்த மெஷின் என்ன செய்கிறது என்று பாருங்கள். காலால் உதைத்து, முதுகைச் சாய்த்து, கையால் இழுக்கிறீர்கள். விசிறி போன்ற சக்கரம் சுற்றிக் காற்றைத் தள்ளுகிறது. நீங்கள் வேகமாக இழுத்தால் காற்று அதிகமாக எதிர்க்கும். மெல்ல இழுத்தால் அதுவும் சும்மா இருக்கும். பக்கத்தில் ஒன்று முதல் பத்து வரை எண் போட்ட நெம்பு இருக்கிறதே, அதைப் பத்தில் வைத்துவிட்டு "நான் பத்து நம்பர் வெயிட் இழுக்கிறேன்" என்று சொல்லிக்கொள்கிறவர்கள் உண்டு. என் நண்பரும் அந்தக் கட்சி. அது எடையே கிடையாது! சக்கரத்துக்குள் எவ்வளவு காற்று போகலாம் என்று திறந்து மூடும் கதவு, அவ்வளவுதான். புதிதாகத் தொடங்குகிறவருக்கு மூன்று, நான்கு போதும். பத்தில் வைத்தால் இடுப்புதான் பிடித்துக்கொள்ளும்.

நிமிஷத்துக்கு 24 தடவை இழுத்தால் இருபது நிமிஷத்தில் 480 தடவை ஆகிறது. ஒரு காரியத்தை 480 தடவை செய்ய முடிகிறது என்றால், ஒவ்வொரு தடவையும் சுமை லேசானது என்றுதானே அர்த்தம்? இதயமும் நுரையீரலும் இதில் நன்றாக வேலை செய்கின்றன. மூச்சு கூடுகிறது, ரத்த ஓட்டம் சீராகிறது, ஒரே நேரத்தில் கால், முதுகு, கை எல்லாம் அசைகின்றன. உடம்பின் கனத்தை இருக்கை தாங்கிக்கொள்வதால் ஓட முடியாத முழங்கால்காரர்களுக்கும் ஒத்துவரும். சித்திரை வெயிலில், ஏர்போர்ட் போகிற ரோட்டில் லாரிப் புழுதியோடு நடப்பதைவிட ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்து படகு வலிப்பது எவ்வளவோ மேல். இதையெல்லாம் நான் மறுக்கவில்லை.

மறுப்பது, "வெயிட் தூக்கவே வேண்டாம்" என்ற அந்த ஒரு வாக்கியத்தைத்தான். படகுப் பந்தய வீரர்களே அதை ஒப்புக்கொள்ள மாட்டார்கள். தினமும் துடுப்பு வலிக்கிறவர்கள் வாரத்தில் சில நாள் தனியாக எடைப் பயிற்சி செய்கிறார்கள். படகு மட்டுமே போதுமென்றால் அவர்கள் ஏன் இரும்பைத் தொட வேண்டும்?

தசைக்கு ஒரு குணம் உண்டு. 'இது கஷ்டம்' என்று தோன்றுகிற சுமை வந்தால்தான் அது பலப்படும். எட்டுப் பத்து தடவை தூக்குவதற்குள் போதும் போதும் என்று ஆகிற கனம் வேண்டும். முப்பதைத் தாண்டினால் பத்து வருஷத்துக்கு 3 முதல் 8 சதவீதம் வரை தசை கரைகிறது என்கிறார்கள். அறுபதுக்கு மேல் இன்னும் வேகம். சாப்பிட்ட சோற்றின் சர்க்கரையை ரத்தத்திலிருந்து வாங்கி வைத்துக்கொள்ளும் பெரிய கிடங்கு தசைதான். கிடங்கு சுருங்கினால் சரக்கு தெருவில் நிற்கும். 2023-ல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் கணக்குப்படி நாட்டில் 10 கோடிப் பேருக்கு மேல் சர்க்கரை நோய். நம் வீடுகளில் ஷுகர் மாத்திரை டப்பா இல்லாத அலமாரி எங்கே இருக்கிறது, சொல்லுங்கள்!

எலும்புக்கும் சுமை வேண்டும். மெஷினில் உட்கார்ந்துகொண்டே இருப்பதால் நம் கனம் எலும்பின் மேல் இறங்குவதில்லை. ஆஸ்திரேலியாவில் எலும்பு அடர்த்தி குறைந்த, மாதவிலக்கு நின்ற 101 பெண்களை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. 2018-ல் முடிவு வெளியானது. ஒரு பாதிப் பேர் வாரம் இரண்டு நாள், அரை மணி நேரம், பயிற்சியாளர் பக்கத்தில் நிற்க, கனமான எடையே தூக்கினார்கள். எட்டு மாதத்தில் அவர்களுடைய முதுகெலும்பின் அடர்த்தி கூடியது. லேசான பயிற்சியை வீட்டில் செய்த மற்றவர்களுக்கு அது கிடைக்கவில்லை.

இதை அன்று நண்பர் வீட்டில் சொன்னபோது அவர் மனைவி சிரித்துவிட்டார். "நல்லாச் சொன்னீங்கண்ணே! பொம்பளை வெயிட்டு தூக்கினா கர்ப்பப்பை இறங்கிடும்னு எங்க அத்தை குடத்தைக்கூடத் தூக்க விடமாட்டாங்க." அத்தை அங்கேதான் நாற்காலியில் இருந்தார். எழுபத்து நாலு வயது. "ஆமா, பின்னே?" என்றார்.

இந்தப் பயம் நம் வீடுகளில் ஊறிப் போயிருக்கிறது. ஏற்கெனவே கர்ப்பப்பை இறக்கம் இருக்கிறவர்கள், சமீபத்தில் பிரசவமோ ஆபரேஷனோ ஆனவர்கள் டாக்டரைக் கேட்காமல் எடை தூக்கக் கூடாது. அது நியாயம். மற்றவர்கள் சிறிது சிறிதாக ஏற்றிக்கொண்டே போனால் ஒன்றும் ஆகாது. மணிப்பூரின் மீராபாய் சானு சின்ன வயதில் விறகுக் கட்டு சுமந்தவர். 2021-ல் டோக்கியோ ஒலிம்பிக்ஸில் 49 கிலோ பிரிவில் இரண்டு தூக்கும் சேர்த்து 202 கிலோ தூக்கி வெள்ளி வாங்கினார். நம்ம வேலூர் சதீஷ் சிவலிங்கம் 2014-லும் 2018-லும் காமன்வெல்த் போட்டியில் தங்கம் வாங்கியவர். 77 கிலோ பிரிவில் நின்றுகொண்டு கிளாஸ்கோவில் 179 கிலோவைத் தலைக்கு மேல் ஏற்றினார். அவர்கள் செய்வது போட்டி. நம் வீட்டுக்கு அது வேண்டாம். தெற்குச் சீமைக் கிராமங்களில் மாப்பிள்ளையாகப் போகிறவன் தூக்கிப் போட்ட இளவட்டக்கல்லும் வேண்டாம். எடைப் பயிற்சி என்றால் நமக்கு அரிசிப் பை போதும்.

அன்று என் கண்ணில் பட்டது இன்னொன்று. பேச்சு முடிந்து அத்தை எழுந்தார். இரண்டு கையையும் நாற்காலியில் ஊன்றி, ஒரு தடவை முயன்று, விழுந்து, மறுபடி ஊன்றி... மருமகள் வந்து தோளைப் பிடித்துத் தூக்கிவிட வேண்டியிருந்தது. அந்த வீட்டில் லட்ச ரூபாய் மெஷின், நாற்பத்தெட்டு வயது ஆம்பளையின் தொப்பைக்காக வந்திருக்கிறது. எழுந்து நிற்கப் பலமில்லாத மனுஷிக்கு ஒரு திட்டமும் இல்லை. பாத்ரூமில் ஒரு தடவை வழுக்கினால் இடுப்பெலும்பு போகும். அப்புறம் அந்த மெஷின் விலையெல்லாம் ஆஸ்பத்திரியில் எந்த மூலைக்கு?

"இந்த வயசுல என்னத்தத் தூக்குறது" என்று அவரே சொன்னார். பாஸ்டனில் 1990-ல் ஒரு முதியோர் இல்லத்தில் செய்து பார்த்திருக்கிறார்கள். சராசரி வயது தொண்ணூறு! பத்துப் பேர், எட்டு வாரம், காலுக்கு எடைப் பயிற்சி. கடைசி வரை நின்ற ஒன்பது பேரின் கால் பலம் சராசரியாக 174 சதவீதம் கூடியது. இரண்டு பேர் கைத்தடியை விட்டுவிட்டார்கள். கை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழ முடியாத மூன்று பேரில் ஒருவர் எழுந்து நின்றார்.

அதனால் என் கட்சி இதுதான். கையில் காசு கொஞ்சம், வீட்டில் இடம் கொஞ்சம் என்றால் முதலில் எடைப் பயிற்சி. மெஷின் அப்புறம். மூச்சுக்கு நடையோ சைக்கிளோ இருக்கிறது, காசு கேட்காது. உலக சுகாதார நிறுவனமும் 2020-ல் இரண்டையும் சேர்த்தே சொன்னது: வாரத்துக்கு 150 நிமிஷமாவது மூச்சு கூடும் உழைப்பு, அதோடு இரண்டு நாளாவது தசைக்கான பயிற்சி. இரண்டாவதை மட்டும் நாம் வசதியாக மறந்துவிட்டோம்.

எப்படி ஆரம்பிப்பது? சுவரோடு ஒட்டிப் போட்ட, ஆடாத நாற்காலி ஒன்று. உட்கார்ந்து எழுங்கள், எட்டு தடவை. கை ஊன்றாமல் முடியாதவர்கள் ஊன்றுங்கள், வாரா வாரம் குறைத்துக்கொள்ளலாம். சுலபமாகிவிட்டால் மார்போடு இரண்டு கிலோ பருப்புப் பையை அணைத்துக்கொள்ளுங்கள். அடுத்து, துணிப் பையில் ஐந்து கிலோ அரிசி போட்டு ஸ்டூல் மேல் வையுங்கள். முதுகு வளையாமல், இடுப்பை மடித்து, பையை உடம்போடு ஒட்டித் தூக்கி நிமிருங்கள். கடைசி இரண்டு தடவை சிரமப்பட்டுத்தான் வர வேண்டும். சிரமம் தெரியவில்லையா, அரை கிலோ கூட்டுங்கள். ஒரு வருஷத்தில் 25 கிலோ சிப்பம் தூக்குகிறவர்களும் இருப்பார்கள், அவசரமில்லை. தூக்கும்போது மூச்சை விடுங்கள், அடக்காதீர்கள். இதய நோய், கட்டுப்படாத பிரஷர், சர்க்கரையால் விழித்திரை பாதிப்பு இருக்கிறவர்கள் டாக்டரிடம் கேட்டுவிட்டுத்தான் எதையும் தொட வேண்டும். பயிற்சி செய்துவிட்டு வெறும் ரசஞ்சோறு சாப்பிட்டால் தசை எங்கிருந்து வரும்? பயறு, கொண்டைக்கடலை, தயிர், முட்டை என்று ஏதாவது தட்டில் இருக்கட்டும்.

ஏற்கெனவே மெஷின் வாங்கிவிட்டவர்கள் கவலைப்பட வேண்டாம், விற்கவும் வேண்டாம். முதலில் கால் உதைக்கட்டும், பிறகு முதுகு சாயட்டும், கடைசியில் கை வரட்டும். திரும்பும்போது கை, முதுகு, கால். பத்து நிமிஷத்தில் தொடங்குங்கள், பேசிக்கொண்டே இழுக்க முடிகிற வேகம் போதும். வாரம் மூன்று நாள் இது, நடுவில் இரண்டு நாள் அரிசிப் பை.

நண்பர் இப்போது அப்படித்தான் செய்கிறார். அத்தையும் மருமகளும் சாயங்கால சீரியல் விளம்பரத்தில் நாற்காலியில் உட்கார்ந்து எழுகிறார்களாம். போன வாரம் போனில் அத்தையே பேசினார். "ஆறு தடவை கை ஊன்றாம எந்திரிச்சுட்டேன்யா. ஏழாவது மட்டும் வரமாட்டேங்குது" என்றார். அடுத்த வாரம் ஆறே எழட்டும், ஏழாவதை அவசரப்படுத்த வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன்.