தீவுக்குள் யார் போகலாம்?

தாம்பரத்திலிருந்து ராமேஸ்வரத்துக்கு நேரடி ரயில் வந்த பிறகு (2025 ஏப்ரல், புதிய பாம்பன் பாலம் திறந்த அதே நாள்) எங்கள் சிட்லபாக்கத்தில் ராமேஸ்வரம் போகாத பென்ஷன்தாரரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். சாயங்காலம் தாம்பரத்தில் ஏறிப் படுத்தால் விடியற்காலை ராமேஸ்வரம். தீர்த்தமாடி, தனுஷ்கோடி பார்த்து, இப்போது மூன்றாவதாக ஒன்றையும் சேர்த்துக்கொள்கிறார்கள். பாம்பனுக்குப் பக்கத்தில் குந்துகாலிலிருந்து வனத்துறைப் படகில் குருசடைத் தீவு. நாங்களும் போனோம். ஆறு பேர். எல்லார் வயதையும் கூட்டினால் நானூறைத் தாண்டும்.

பயணத்தைப் பற்றிக் குறை சொல்ல ஒன்றுமில்லை. படகில் கொஞ்சம் பேரைத்தான் ஏற்றினார்கள். ஆரஞ்சு ஜாக்கெட் மாட்டி, பிளாஸ்டிக் பாட்டிலை வாங்கி வைத்துக்கொண்டு, தீவில் இன்ன இடத்துக்கு மேல் போகக்கூடாது என்று சொல்லி, சொன்ன நேரத்துக்குத் திரும்பக் கொண்டுவந்து விட்டார்கள். கரை முழுக்கச் செத்த பவளத் துண்டுகள். மேலே நடந்தால் உடைந்த பீங்கானை மிதிப்பது மாதிரி சத்தம் வரும். பின்னால் அலையாத்தி மரங்கள். பாறை மாதிரி தெரிவதெல்லாம் ஒரு காலத்தில் உயிராக இருந்தது என்று கூட வந்த பையன் பொறுமையாகச் சொன்னான். எங்களில் இரண்டு பேர் செல்ஃபி எடுப்பதில் மும்முரமாக இருந்ததால் அவன் சொன்னதை நான் ஒருத்தன்தான் கேட்டேன்.

நான் எழுத உட்கார்ந்தது ஊர் திரும்பிய பிறகு ஏரிக்கரை நடையில் நடந்த பேச்சால். எங்களோடு வந்த நண்பர் ஒருவர், வங்கியில் பெரிய பதவியில் இருந்தவர், மற்றவர்களிடம் தீவின் பெருமையை விவரித்துக்கொண்டிருந்தார். "எவ்வளவு சுத்தம் தெரியுமா? ஏன்னா லோக்கல் ஆளுங்களை உள்ளே விடறதில்லை. பாசி எடுக்கிற பொம்பளைங்களை எல்லாம் நிறுத்திட்டாங்க. அதான் தீவு பிழைச்சுது" என்றார். நாலு பேர் தலையாட்டினார்கள். அடுத்த நிமிஷமே, பெரிய படகாக விட்டால் குடும்பத்தோடு போகலாம், தீவில் ஒரு கேண்டீனும் நல்ல டாய்லெட்டும் வேண்டும், ராத்திரி தங்க இரண்டு குடில் இருந்தால் இன்னும் நன்றாக இருக்கும் என்று பேச்சு போனது. எனக்குச் சுருக்கென்றது. அந்தத் தீவை நம்பி வாழ்ந்தவள் போனால் கெட்டுவிடும், சிட்லபாக்கத்திலிருந்து டிபன் பாக்ஸோடு போகிற நாம் போனால் கெடாதா?

முதலில் அந்தப் பெண்கள் யார் என்று சொல்லிவிடுகிறேன். பாம்பன் பக்கத்துச் சின்னப்பாலம் தொடங்கி ஏர்வாடி, கீழக்கரைக்கு அப்பால் வரை ராமநாதபுரம் கடற்கரை ஊர்களில் ஆயிரக்கணக்கான பெண்கள் முங்கிப் பாசி எடுக்கிறார்கள். மரிக்கொழுந்துப் பாசி, கஞ்சிப்பாசி, கட்டக்கோரை என்று அவர்களுக்கு ஒவ்வொன்றுக்கும் பெயர் உண்டு. கண்ணுக்குக் கண்ணாடி, விரலுக்குச் சுற்றிய துணி, இடுப்பில் வலைப்பை. ஆக்சிஜன் சிலிண்டர் கிடையாது, மூச்சுப் பிடிப்புதான். அந்தப் பாசியில் சில வகையிலிருந்துதான் அகார் எடுக்கிறார்கள். நோன்பு மாதத்தில் முஸ்லிம் நண்பர்கள் வீட்டில் கடல்பாசி என்று கண்ணாடி மாதிரி ஒரு இனிப்பு தருவார்களே, அது அகார். நமக்கு மாசா மாசம் டாக்டர் எழுதித் தரும் யூரின் கல்ச்சர், அதைச் சோதனைக்கூடத்தில் வளர்க்கிற தட்டில் இருப்பதும் அகார்தான். நம் வயதுக்காரர்கள் அந்தப் பெண்களுக்குக் கொஞ்சம் கடன்பட்டவர்கள்.

இது ஆதிகாலத் தொழில் என்று நான் கதை விட மாட்டேன். வியாபாரமாக நடப்பது 1960களிலிருந்துதான். ஆனாலும் பூங்காவுக்கு மூத்தது. ராமேஸ்வரத்துக்கும் தூத்துக்குடிக்கும் நடுவிலுள்ள 21 தீவுகளையும் சுற்றியுள்ள கடலையும் சேர்த்து 560 சதுர கிலோமீட்டரை மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவித்தது 1986ல். கெடுபிடி உண்மையாக இறுகியது 2000க்குப் பிறகு. அதுவரை தீவைச் சுற்றிப் பாசி எடுத்து, வெயில் ஏறினால் தீவு மணலில் உட்கார்ந்து கஞ்சி குடித்தவர்கள், ஒரு நாள் அத்துமீறியவர்கள் ஆனார்கள்.

குந்துகாலில் டீ குடிக்கும்போது அப்படிப் பாசிக்குப் போகிற ஒரு அம்மாவோடு பேச வாய்த்தது. ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். விரல் நுனியெல்லாம் வெட்டுத் தழும்பு. தீவு எப்படி இருந்தது என்று அவர்தான் என்னைக் கேட்டார். சொன்னேன். கேட்டுவிட்டு, "நல்லா இருக்கும்யா. சின்னப் புள்ளையில ஆத்தாகூடப் போயி அங்கனதான் கெடப்போம். இப்ப நீங்க போனா டிக்கெட்டு, நாங்க போனா கேஸு" என்றார். கோபமே இல்லாமல், விலைவாசி சொல்வது மாதிரி சொன்னார்.

நான் தணிக்கைத் துறையில் முப்பத்து மூன்று வருஷம் இருந்தவன். யாராவது ஒன்று சொன்னால் விதி எங்கே இருக்கிறது என்று பார்க்காமல் தூக்கம் வராது. பார்த்தேன். 1972ம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், 28ம் பிரிவு. சரணாலயத்துக்குள் நுழைய எதற்கெல்லாம் அனுமதி தரலாம் என்று அதில் ஒரு பட்டியல். வனவிலங்கு ஆய்வு, போட்டோ எடுப்பது, விஞ்ஞான ஆராய்ச்சி, சுற்றுலா, உள்ளே குடியிருப்பவரோடு சட்டப்படியான கொடுக்கல் வாங்கல். தேசியப் பூங்காவுக்கும் இது பொருந்தும் என்று 35ம் பிரிவு சொல்கிறது. பட்டியலில் சுற்றுலா இருக்கிறது, பிழைப்பு இல்லை. ஆக, அந்த அம்மா சொன்னது வெறும் ஆற்றாமை இல்லை, சட்டத்தின் வாசகமே அப்படி.

2006ல் வன உரிமைச் சட்டம் என்று ஒன்று வந்தது. காட்டை நம்பி வாழும் மக்களுக்கு நீர்நிலைகளின் மீனும் மற்ற விளைபொருளும் எடுக்கும் உரிமையை அது பேசுகிறது. தேசியப் பூங்காவும் அதற்கு விலக்கில்லை. கடலும் நீர்நிலைதானே என்று கேட்டால், சட்டம் தெரிந்தவர்கள் சிரிக்கிறார்கள். எதற்கு சிரிக்கிறார்கள் என்று எனக்குப் புரியவில்லை. கடலுக்குள் பூங்கா இருக்கலாம், கடலுக்குள் வன அதிகாரி இருக்கலாம், வன உரிமை மட்டும் கரையோடு நின்றுவிடுமா?

சரி, பவளம் அழிந்ததே, அது யாரால் என்று வங்கி நண்பர் கேட்கிறார். நியாயமான கேள்வி. 21 தீவில் பூவரசன்பட்டியும் விலாங்குச்சல்லியும் இன்று தண்ணீருக்கு அடியில் இருக்கின்றன. பவளப் பாறையைப் பெயர்த்துப் பெயர்த்துச் சுண்ணாம்புக்கும் தொழிற்சாலைக்கும் ஏற்றியது முக்கியக் காரணம். பெயர்த்தவர்கள் உள்ளூர் ஆட்கள்தான், மறுக்கவில்லை. வாங்கியவர்கள் யார்? லாரி வைத்திருந்தவர்கள் யார்? பாசிக்கு முங்குகிற பெண் லோடு லோடாகப் பாறை விற்று வீடு கட்டியதாக அந்தக் கரையில் யாரும் சொல்லவில்லை. 2001ல் பவளத்தைச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்தார்கள். நல்ல காரியம், முப்பது வருஷம் முன்னால் செய்திருக்க வேண்டிய காரியம்.

அடுத்து கடல் சூடாவது. 1998, 2010, 2016 என்று பவளம் வெளுத்துப் போன வருஷங்களை எண்ணுகிறார்கள். அதில் நம் வீட்டு ஏசிக்குப் பங்கு உண்டு. மின்சாரக் கட்டணம் மாதிரி அதற்கு ஒரு பில் வந்தால் தெரியும்.

மூன்றாவதுதான் எனக்கு வயிற்றெரிச்சல். பெண்களைத் தீவுப் பக்கம் போகாதே என்று சொன்ன அதே காலத்தில், மாற்றுத் தொழில் என்று கப்பாபைக்கஸ் என்ற வெளிநாட்டுப் பாசியை மூங்கில் மிதவையில் கட்டி வளர்க்கச் சொன்னார்கள். அரசு ஆராய்ச்சி நிலையம் கொண்டுவந்தது, பெரிய கம்பெனி வாங்கிக்கொண்டது, வங்கிக் கடனும் மானியமும் கிடைத்தன. (வங்கி நண்பர் இந்த இடத்தில் கொஞ்சம் இருமினார்.) அந்தப் பாசி மிதவையிலிருந்து தப்பித்துக் குருசடைத் தீவின் உயிருள்ள பவளத்தின் மேலேயே படர்ந்து மூடுவதை 2008ல் விஞ்ஞானிகள் எழுதினார்கள். கையால் கிள்ளி எடுத்தவளைக் காவல் வைத்துத் தடுத்துவிட்டு, பவளத்தை மூச்சுமுட்ட வைக்கிற பாசியை மானியம் கொடுத்து வரவழைத்தால் அதற்கு என்ன பெயர்? ஆடிட் பாஷையில் எழுத எனக்கு ஒரு பாரா போதும்.

பாசி எடுப்பதால் சேதமே இல்லை என்று நான் சொல்லவில்லை. பவளத்தில் கால் வைத்தால் உடையும், அந்தப் பெண்களுக்கே அது தெரியும். உலோகச் சுரண்டியை விட்டுவிட்டுக் கையால் மட்டும் எடுப்பது, அமாவாசை பௌர்ணமியை ஒட்டி மாதத்தில் பன்னிரண்டு நாள் மட்டும் கடலுக்குப் போவது என்று அவர்களே கூடிப் பேசிக் கட்டுப்பாடு வைத்துக்கொண்டார்கள். வருமானத்தில் பாதிக்கு மேல் விட்டுக்கொடுத்து ஒரு கட்டுப்பாடு! எங்கள் அடுக்குமாடிச் சங்கத்தில் தண்ணீர் மோட்டாரை ஒரு மணி நேரம் குறைக்கத் தீர்மானம் போட மூன்று கூட்டம் ஆயிற்று. 2015ல் உலகத் தீவுகளைக் காக்கப் பாடுபடும் சீகாலஜி என்ற அமெரிக்க அமைப்பு தன் வருடாந்தரப் பரிசைச் சின்னப்பாலத்தைச் சேர்ந்த பாசி எடுக்கும் பெண்மணி ஒருவருக்குக் கொடுத்தது. கலிபோர்னியாவுக்குத் தெரிந்த விஷயம் சிட்லபாக்கத்துக்குத் தெரியவில்லை.

"அவங்க ஆயிரக்கணக்குல இருக்காங்க, நாம ஒரு நாளைக்குப் பத்து இருபது பேர்தானே" என்று இன்னொருவர் மடக்கினார். எண்ணிக்கை முக்கியம்தான், அப்படியானால் எண்ணுங்கள். படகுக்கு இத்தனை பேர், நாளைக்கு இத்தனை படகு என்று நமக்கு எண்ணத் தெரிந்த ஆபீசுக்கு, சின்னப்பாலத்துப் பெண்களுக்கு ஒரு பதிவேடு போட்டு, முறை வைத்து, இன்ன தீவுப் பக்கம் இன்ன மாதம் என்று எழுதத் தெரியாதா? பெண்கள் சங்கத்தின் கையிலேயே பதிவேட்டைக் கொடுத்தால் என்னைவிட நன்றாக ஆடிட் செய்வார்கள்.

பக்கத்திலேயே உதாரணம் இருக்கிறது. வேடந்தாங்கலுக்கு நாம் எல்லாரும் பேரப்பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறோம். அந்தப் பறவைகளைக் காத்தது எந்தத் துறையும் இல்லை, ஊர்க்காரர்கள். பறவை எச்சம் விழுந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம் என்று கண்டுகொண்டவர்கள். துரைமார்கள் துப்பாக்கியோடு வந்து கொக்கு சுட்டபோது, 1798ல் செங்கல்பட்டுக் கலெக்டர் லயனல் பிளேஸிடம் போய், இங்கே யாரும் சுடக்கூடாது என்று கவுல் எழுதி வாங்கினார்கள். அவர்களை ஏரிக்கரைப் பக்கம் வராதே என்று முதலில் துரத்தியிருந்தால் கவுல் கேட்க ஆள் ஏது? நம் சிட்லபாக்கம் ஏரியில் குப்பை மலையாக நின்ற காலத்தையும் நினைத்துப் பாருங்கள். மனு போட்டது, மம்பட்டி எடுத்தது, டிவிக்காரரைக் கூப்பிட்டது எல்லாம் ஏரியைச் சுற்றிக் குடியிருந்தவர்கள், போர்வெல்லில் கறுப்புத் தண்ணீர் வந்தவர்கள். வேளச்சேரியிலிருந்து ஒருவரும் வரவில்லை, வர வேண்டிய அவசியமும் அவர்களுக்கு இல்லை.

படகு ஓட்டுகிறவரும் வழிகாட்டுகிற பையனும் உள்ளூர்க்காரர்கள்தானே, டிக்கெட் பணம் அவர்களுக்கும் போகிறதே என்பார்கள். போகிறது, சந்தோஷம், போகட்டும். அது பத்துப் பதினைந்து வீட்டுச் சமாச்சாரம். முங்கத் தெரிந்த பெண்ணுக்குப் படகுத்துறையில் பாட்டில் வாங்கி வைக்கிற வேலை கொடுத்து, மறுவாழ்வு என்று பெயர் வைக்காதீர்கள்.

சுற்றுலாவை நிறுத்து என்று நான் கேட்கவில்லை. பேரன்கள் அந்தத் தீவைப் பார்க்க வேண்டும். பெரிய படகும் கேண்டீனும் குடிலும் மட்டும் வேண்டாம். டாய்லெட்டைக் குந்துகால் கரையில் கட்டிக்கொள்ளலாம். ஒன்றரை மணி நேரம் அடக்க முடியாத என்னைப் போன்றவர்கள் கரையில் உட்கார்ந்து டீ குடிக்கலாம்.

முதன்மை வன உயிரினக் காப்பாளருக்கு ஒரு மனு எழுதி வைத்திருக்கிறேன், தமிழில், இரண்டே பக்கம். படகு எண்ணிக்கையை இப்போது இருப்பதற்கு மேல் கூட்டக்கூடாது. பாசி எடுக்கும் பெண்களோடு உட்கார்ந்து பேசி, அவர்கள் வைத்துக்கொண்ட பன்னிரண்டு நாள் கணக்கையே அடிப்படையாக வைத்து அனுமதி முறை ஒன்றை எழுத வேண்டும். அதுவரை பாசிக்காக யார் மேலும் வழக்குப் போடக்கூடாது. ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு ஏரிக்கரை நடைபாதையில் கொண்டுவருகிறேன். வங்கி நண்பர் படித்துப் பார்த்துவிட்டு, இரண்டாவது பக்கத்தில் ஒரு எழுத்துப் பிழையைத் திருத்திக் கொடுத்திருக்கிறார். கையெழுத்து இன்னும் போடவில்லை.