கால்கள் கற்கும் வரலாறு

ஓட்டப் பயிற்சி என்றவுடனே, சமதரையான ஒரு மைதானமும் அதில் வெண்சுண்ணாம்பினால் வரைந்த வட்டப் பாதையுமே நம் மாணவர்களின் மனக்கண்முன் தோன்றுகின்றன. தோட்டப் பாடசாலைகள் பலவற்றிற்கு அத்தகைய மைதானம் வாய்க்கவில்லை. ஆதலின், "எங்களுக்கு ஓட இடம் ஏது?" என்று பிள்ளைகள் ஏங்குவதையும் கேட்கிறோம். அந்த ஏக்கம் நியாயமானதே. எனினும், ஸ்பிரிங்வெளியில் நின்றுகொண்டு ஒருமுறை சுற்றிலும் நோக்குங்கள். மேலே நமுனுகுலை மலை 2000 மீற்றருக்கும் உயர்ந்து நிற்கிறது. கீழே பள்ளத்தாக்கில் பதுளை நகரம் விரிகிறது. அந்நகரத்தைத் தழுவிக்கொண்டு பதுளு ஓயா வடக்கு நோக்கி ஓடுகிறது. மலைக்கும் ஆற்றுக்கும் இடையே எத்தனை எத்தனை பாதைகள்! அவற்றை ஓடும் வழிகளாகக் கொள்வோமாயின், உடலுக்கு உரம் சேர்வதோடு நாட்டின் வரலாறும் நம் காலடியில் விளங்கும்.

மலைநாட்டார் ஓட்டத்தில் வல்லவர்கள் என்பதற்கு உலகம் சான்று கண்டிருக்கிறது. 1960ஆம் ஆண்டு ரோமாபுரி ஒலிம்பிக் விழாவில், எத்தியோப்பிய மலைநாட்டில் பிறந்த அபேபே பிக்கிலா வெறுங்காலுடன் ஓடி மரதன் போட்டியில் தங்கப் பதக்கம் பெற்றார். 1968ஆம் ஆண்டு மெக்சிக்கோ நகரில் கென்ய நாட்டுக் கிப் கெய்னோ 1500 மீற்றர் ஓட்டத்தில் வெற்றி வாகை சூடினார். ஆனால் ஒன்றை மறத்தலாகாது. மெக்சிக்கோ நகரம் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2240 மீற்றர் உயரத்தில் உள்ளது. பதுளை நகரமோ 680 மீற்றர் உயரமே உடையது. மெல்லிய காற்றில் பழகுவதால் வரும் பயனை இங்கே பெரிதாக எதிர்பார்ப்பதற்கில்லை. நமக்கு வாய்த்த ஆசான் ஏற்றமும் இறக்கமுமேயாகும்.

அந்த ஆசானிடம் பாடம் கேட்கும் முறை ஒன்றுண்டு. ஏறும்போது அடியைச் சுருக்கி வைக்க வேண்டும். மூச்சு முட்டினால் வெட்கப்படாமல் நடக்க வேண்டும். இறங்கும்போது உடலின் பாரத்தைத் தொடைத் தசைகள் தடுத்துத் தாங்குகின்றன. ஏற்றத்தில் களைப்பவன் மூச்சினாலும், இறக்கத்தில் களைப்பவன் தசையினாலும் களைக்கிறான். மறுநாட் காலையில் தொடை நோவது பெரும்பாலும் இறங்கியதன் விளைவே. ஸ்கொத்லாந்து மலையேறியான வில்லியம் நெய்ஸ்மித் 1892ஆம் ஆண்டில் வகுத்த கணக்கொன்று இன்றும் பயன்படுகிறது. நடப்பவருக்கு 5 கிலோமீற்றருக்கு ஒரு மணி நேரம். அதன்மேல் 600 மீற்றர் ஏற்றத்துக்கு இன்னும் ஒரு மணி நேரம். அஃதாவது, 5 கிலோமீற்றர் தூரத்தில் 300 மீற்றர் ஏறுவதாயின் ஒன்றரை மணி நேரம் வேண்டும். புறப்படுமுன் இக்கணக்கைப் போட்டுப் பார்ப்பவன் இருட்டில் வழியில் அகப்படமாட்டான்.

இனித் தோட்டத்துப் பாதைகளைக் கவனிப்போம். அவை இருவகைப்படும். ஒன்று, மலையைச் சுற்றிச் சுற்றி மெல்ல ஏறும் தோட்டத்து ரோடு. வண்டி மாடு இழுக்கத்தக்க சரிவையே அக்காலத்தில் ரோட்டுக்குக் கொண்டனர். ஆதலின் ஓடப் பழகுகிறவர்க்கு அது மிகவும் ஏற்றது. மற்றொன்று, அந்த ரோட்டை ஊடறுத்து, தேயிலை நிரைகளின் நடுவே கற்படிகளோடு செங்குத்தாக இறங்கும் குறுக்குப் பாதை. ரோட்டை அளந்து வரைந்தவர் துரைமார். குறுக்குப் பாதையையோ யாரும் வரையவில்லை. லயத்திலிருந்து பிரட்டுக்களத்துக்கும், மலையிலிருந்து கொழுந்து மடுவத்துக்கும், வீட்டிலிருந்து பள்ளிக்கூடத்துக்கும் தலைமுறை தலைமுறையாக நடந்த பாதங்களே அதனை உண்டாக்கின.

ஸ்பிரிங்வெளியிலிருந்து ரோட்டு வழியே இறங்குவோர்க்கு முதலில் எதிர்ப்படுவது பதுளை நகரம். அங்கே சற்று நின்று இளைப்பாறுக. பார்க்க வேண்டியவை பல உள. முதியங்கணை விகாரை, பௌத்தர் போற்றும் பதினாறு புண்ணியத் தலங்களுள் ஒன்று. பரிசுத்த மாற்கு தேவாலயம் 1857ஆம் ஆண்டில் அர்ப்பணம் செய்யப்பட்டது. அது மேஜர் தோமஸ் வில்லியம் ரொஜர்ஸ் என்னும் ஆங்கில அதிகாரியின் நினைவாக எழுந்தது. அவர் 1845ஆம் ஆண்டில் அப்புத்தளைக் கணவாயில் இடி தாக்கி இறந்தார். ஆயிரத்து நானூறுக்கும் மேற்பட்ட யானைகளைச் சுட்டுக் கொன்றவர் என்று அவரைப் பற்றிக் கூறுவார்கள்.

பொது நூலக வளவிலே நிற்கும் கல்தூண் இவற்றினும் பழையது. மகியங்கனைப் பக்கத்துச் சொரபொர வாவியருகே கண்டெடுத்துப் பதுளைக்குக் கொணரப்பட்ட பத்தாம் நூற்றாண்டுச் சாசனம் அது. ஹோப்பிட்டிகமை என்னும் சந்தையூரில் வாழ்ந்த வணிகரும் குடிமக்களும், அதிகாரிகள் தம்மை வருத்துவதாக அரசனிடம் முறையிட்டனர். அரசன் அம்முறையீட்டை ஏற்று, அதிகாரிகளைக் கட்டுப்படுத்தும் விதிகளை வகுத்துக் கல்லிலே பொறிக்கச் செய்தான். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் எளிய மக்கள் எழுப்பிய குரல் இன்றும் கல்லில் நிற்கிறது. ஓடி வந்து மூச்சு வாங்கும் மாணவன் அத்தூணின் முன்னே ஒரு கணம் சிந்தித்து நிற்பானாயின், அன்றைய ஓட்டம் வீண்போகவில்லை என்பேன்.

நகரத்திலிருந்து செல்லத்தக்க வழிகள் மூன்று. வடக்கே மகியங்கனை வீதியில் ஏறத்தாழ 5 கிலோமீற்றர் சென்றால் துன்ஹிந்த நீர்வீழ்ச்சியின் வாயிலை அடையலாம். அங்கிருந்து ஒரு கிலோமீற்றருக்கும் மேற்பட்ட காட்டுப் பாதை உண்டு. பதுளு ஓயா 60 மீற்றருக்கும் அதிகமான உயரத்திலிருந்து புகைபோல் திவலைகளைச் சிதறிக்கொண்டு விழும் காட்சியை அங்கே காணலாம். அந்நீர் பின்னர் மகாவலியோடு கலந்து திருகோணமலைப் பக்கத்தே கடலை அடைகிறது. நம் மலைச்சாரலில் பெய்த மழை கீழ்க்கரைத் தமிழரின் கடலில் முடிவதை எண்ணுந்தோறும் வியப்புண்டாகிறது.

இரண்டாவது வழி ஹாலி-எல சென்று, அங்கிருந்து போகொடைக்குப் பிரிவது. அவ்வூரில் ஓடையின் குறுக்கே, ஓட்டுக் கூரையோடு கூடிய மரப்பாலம் ஒன்றுண்டு. 16ஆம் நூற்றாண்டில் அமைந்ததென்று அறிஞர் கூறுவர். கண்டிக்கும் பதுளைக்கும் இடையே நடந்து சென்ற வழிப்போக்கர் மழைக்கும் வெயிலுக்கும் ஒதுங்கிய பாலம் அது. இவ்வழி நெடியது, போதிய பயிற்சி பெற்ற பின்னரே, பெரியவர் துணையோடு மேற்கொள்ளத்தக்கது.

மூன்றாவது, தெமோதரைக்கும் எல்லவுக்கும் போகும் வழி. பண்டாரவளைக்கு 1894ஆம் ஆண்டிலேயே வந்த புகையிரதம், பதுளையை எட்ட 1924ஆம் ஆண்டு வரை சென்றது. இடையில் முப்பதாண்டுகள்! அத்தாமதத்தின் காரணத்தைத் தெமோதரையில் நிலமே சொல்லிவிடுகிறது. அங்கே இருப்புப்பாதை மலையைச் சுற்றி வளைந்து, நிலையத்தின் அடியிலுள்ள சுரங்கத்தின் வழியே தன்னைத்தானே கடந்து செல்கிறது. அதற்கப்பால் 1921ஆம் ஆண்டில் கட்டி முடித்த ஒன்பது வளைவுப் பாலம் நிற்கிறது. இவற்றைப் பார்க்கச் செல்வோர் அருகிலுள்ள வீதிகளிலேயே செல்ல வேண்டும். இருப்புப்பாதையின் மீதும் சுரங்கத்தினுள்ளும் ஓடுவது உயிரோடு விளையாடுவதாகும்.

அன்பர்களே, இதுவரை கூறியவற்றிலே விகாரைக்குப் பெயருண்டு, தேவாலயத்துக்குப் பெயருண்டு, தூணுக்கும் பாலத்துக்கும் பெயருண்டு. குறுக்குப் பாதைக்கு மட்டும் பெயரில்லை, கல்வெட்டில்லை. கோப்பிக் காலத்தில் தலைமன்னாரிலிருந்து காட்டு வழியே நடந்து மாத்தளையை அடைந்து, அதன்பின்னும் மலைமலையாக ஏறி ஊவாவுக்கு வந்தவர்களே நம் முன்னோர். வழியில் மாண்டோர் பலர். 1869ஆம் ஆண்டில் மடுல்சீமைப் பக்கத்துக் கோப்பித் தோட்டத்தில் இலைநோய் தோன்றி, சில பத்தாண்டுகளில் கோப்பியே அழிந்து தேயிலை வந்தது. பயிர் மாறியது, பாதையில் நடந்தவர் மாறவில்லை. 2023ஆம் ஆண்டு ஜூலை 28ஆம் நாள், மலையக மக்கள் வந்து இருநூறாண்டுகள் ஆனதை நினைவுகூர்ந்து, தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை ஒரு நடைபயணம் புறப்பட்டு ஆகஸ்ட் 12ஆம் நாள் முடிவுற்றது. எழுதப்படாத வரலாற்றை நடந்தே நினைவூட்டலாம் என்பதற்கு அஃது ஓர் எடுத்துக்காட்டு.

குறுக்குப் பாதைகளோ இன்று ஒவ்வொன்றாக மறைந்து வருகின்றன. மனிதர் மிதியாத பாதையைப் புல் மூடுகிறது; பின் காடு மூடுகிறது. பிள்ளைகள் முச்சக்கர வண்டியில் பள்ளி செல்லும் நிலை வந்ததைக் குறைகூறுவதற்கில்லை. பாரம் குறைந்தது நன்றே. ஆனால் பாதையோடு சேர்ந்து மறைவது மற்றொன்றும் உண்டு: அது மண்ணைப் பற்றிய அறிவு. எந்தக் கானில் மழைநீர் அடைபடும், எந்த ஊற்று கோடையிலும் வற்றாது, எந்தச் சரிவு நீரை உண்டு நெகிழும் என்பதைத் தினமும் நடந்தவர்களே அறிந்திருந்தனர்.

அவ்வறிவின் அருமையை நம் மாவட்டம் துயரத்தோடு உணர்ந்திருக்கிறது. 2014ஆம் ஆண்டு ஒக்டோபர் 29ஆம் நாள் காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்து லயங்களை மண் மூடியது. 2025ஆம் ஆண்டு நவம்பர் இறுதியில் வந்த டித்வா புயல்மழை பதுளை மாவட்டத்திலும் பல மலைகளைச் சரித்து உயிர்களைக் கொண்டுசென்றது. மலை பெரும்பாலும் முன்னறிவிப்பின்றிச் சரிவதில்லை. நிலத்தில் புதிய வெடிப்பு, தெளிந்த ஊற்று திடீரெனக் கலங்குதல், புதிய இடத்தில் நீர் கசிதல், மரங்களும் கம்பங்களும் சாய்தல் ஆகியன அதன் அறிகுறிகள். வாரந்தோறும் ஒரே வழியில் ஓடும் இளைஞனின் கண்ணுக்கு இம்மாறுதல்கள் தப்பா. அவன் கண்டதைக் கிராம அலுவலருக்குச் சொன்னால், அவர் வழியே தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தாருக்கு அச்செய்தி எட்டும். ஓட்டக்காரன் ஒருவன் ஊருக்குக் காவலனும் ஆகலாம்.

ஆகவே, பாடசாலை ஆசிரியர்களுக்கும் மாணவர் மன்றங்களுக்கும் ஒரு விண்ணப்பம். ஒவ்வொரு தோட்டப் பாடசாலையும் தன்னைச் சூழ்ந்துள்ள பாதைகளுள் மூன்றைத் தேர்ந்து, தோட்ட நிர்வாகத்தின் இசைவோடு, அவற்றை ஓடும் வழிகளாக வகுக்கலாம். பாட்டன் பாட்டிமாரை அழைத்துச் சென்று, அப்பாதையை அவர்கள் என்ன பெயரிட்டு அழைத்தனர், எங்கே பாரம் இறக்கி இளைப்பாறினர் என்று கேட்டு மாணவர் எழுதி வைக்கலாம். ஊவாவிலே கச்சான் வீசும் ஜூன் முதல் செப்டெம்பர் வரையிலான வறண்ட மாதங்கள் இதற்கு உகந்தவை. ஒக்டோபருக்குப் பின் மழை மிகும். அப்போது சரிவுகளை விலக்கி, எச்சரிக்கை அறிவிப்புகளைக் கேட்டே புறப்பட வேண்டும். தனியே போதல் ஆகாது. குளவிக்கூடு உள்ள மரத்தருகே ஆரவாரம் ஆகாது. அட்டைக்கு அஞ்சுதலும் ஆகாது!

தூணில் எழுத அரசன் வேண்டும். தேவாலயம் எழுப்பப் பொருள் வேண்டும். குறுக்குப் பாதையைக் காப்பதற்கு இவை எவையும் வேண்டா. நடப்பவரும் ஓடுபவரும் இருந்தாலே போதும். வரும் விடுமுறையில், ஸ்பிரிங்வெளியிலாயினும் உங்கள் ஊர்த் தோட்டத்திலாயினும், உங்கள் பாட்டி கொழுந்துக் கூடையோடு ஏறிய வழி எதுவென்று கேட்டறியுங்கள். பொழுது புலர்ந்ததும் அந்த வழியில் உங்கள் முதல் ஓட்டம் தொடங்கட்டும்.