கட்டியங்காரனைத் துரத்திய கவிதை

கவிதையை வெகுமக்களிடம் எடுத்துச் செல்ல வேண்டும் என்ற குரல் இலக்கியக் கூட்டங்களில் அடிக்கடி கேட்கிறது. மேடைக்கவிதை, கவிதை நிகழ்வு, நிகழ்த்துகவிதை என்று பெயர்கள் மாறினாலும் உள்ளே இருக்கும் எண்ணம் ஒன்றே. மக்களிடம் கவிதை இல்லை, நம்மிடம் இருக்கிறது, இறங்கிச் சென்று கொடுக்க வேண்டும். மயிலத்தில் இருந்துகொண்டு இதைக் கேட்கையில் நமக்குச் சிரிப்பும் வருகிறது, சினமும் வருகிறது.

திண்டிவனம், செஞ்சி, விழுப்புரம் வட்டாரத்துத் திரௌபதியம்மன் கோயில்களில் பாரதம் நடக்கும் நாட்களை எண்ணிப் பாருங்கள். பிற்பகலில் பந்தலின்கீழ் அமர்ந்து பிரசங்கியார் வில்லிபாரத விருத்தத்தை இராகத்தோடு பாடுகிறார். பாடி முடித்ததும் பேச்சுத் தமிழில் பொருள் சொல்கிறார். இடையே ஊர் நடப்பும் கிளைக்கதையும் கேலியும் கலக்கின்றன. இரவில் அதே கதைப்பகுதி கூத்தாக விடிய விடிய நிகழ்கிறது. தபசு மரம் ஏறுவதும் படுகளமும் தீமிதியும் அந்தக் கவிதையின் தொடர்ச்சியே. வில்லிபுத்தூரார் இதே திருமுனைப்பாடி நாட்டுச் சனியூரில் பிறந்தவர். 4351 விருத்தங்கள் கொண்ட அவருடைய நூல், வடசொல் விரவிய நடையால் நம் முதுகலை மாணவர்களையே திணற வைப்பது. கழனி வேலை முடித்து வந்தவர்கள் அதை நாள்கணக்கில் அமர்ந்து கேட்கிறார்கள். கவிதை கடினமாக இருந்தால் மக்கள் வரமாட்டார்கள் என்று முடிவு கட்டியவர் யார்?

கூத்தில் வேடக்காரன் திரைக்குப் பின்னிருந்து விருத்தம் பாடியபடி வருகிறான். நீ யார், எந்த ஊர், எதற்கு வந்தாய் என்று கட்டியங்காரன் கேட்கிறான். அரசனின் செய்யுளும் அவையின் பேச்சும் அவன் நாவில்தான் சந்திக்கின்றன. அவன் கவிதையை எளிமைப்படுத்துவதில்லை. விருத்தம் விருத்தமாகவே நிற்கிறது, அவன் அதன் பக்கத்தில் நிற்கிறான். இந்த வேறுபாட்டை நம்மவர்கள் உணரவே இல்லை.

இரண்டு தரப்பினர் சேர்ந்து கட்டியங்காரனைத் துரத்தினார்கள். ஒருவர் சிற்றிதழ்க்காரர். 1959இல் சி.சு.செல்லப்பா தொடங்கிய இதழின் பெயரே 'எழுத்து'. மேடை முழக்கத்தின் மீது அவர்களுக்கு எழுந்த ஐயம் நியாயமானது. ஆனால் முழக்கத்தை விலக்கப் போனவர்கள் குரலையே விலக்கிவிட்டார்கள். பிரமிளின் கவிதையைப் பறையடித்துப் பாட வேண்டுமென்று நாம் சொல்லவில்லை. தனித்துப் படிக்க வேண்டிய கவிதை உண்டு. அது மட்டுமே கவிதை என்பதைத்தான் மறுக்கிறோம்.

மற்றொருவர் கவியரங்கத்தார். 1969இல் அண்ணா மறைந்தபோது மு.கருணாநிதி வானொலியில் வாசித்த இரங்கற்கவிதையைத் தமிழ்நாடே கேட்டது. அத்தகைய வலிமை கொண்ட வடிவத்தைத் தலைமை தாங்குபவரைப் புகழும் சடங்காகத் தேய்த்துவிட்டார்கள். கைதட்டலுக்காக ஒரே அடியை மும்முறை படிக்கும் மேடையில் கேட்பவனுக்கு வேலையில்லை. அங்கே கவிதையும் இல்லை.

மூன்றாவது குற்றவாளிகள் தமிழாசிரியர்களாகிய நாமே. விழுப்புரத்தில் பேராசிரியராக இருந்த த.பழமலய் 1988இல் 'சனங்களின் கதை'யை வெளியிட்டார். இந்த நடுநாட்டு மண்ணின் பேச்சு அதில் இருக்கிறது. நாமோ அத்தகைய கவிதையையும் ஐந்து மதிப்பெண் வினாவாக்கி, கையேட்டுக் குறிப்பாக்கி, ஓசையின்றிக் கொன்றோம். ஒரு கல்லூரி விழாவில் மாணவர்கள் கவிதை நிகழ்த்த நேரம் கேட்டபோது, பரிசளிப்புக்கும் சிறப்புரைக்கும் இடையில் ஏழு நிமிடம் கிடைத்தது. நாமும் நன்றி சொல்லி வாங்கிக்கொண்டோம்.

பாரதம் ஈர்ப்பது கதையாலும் பக்தியாலும்தானே என்று சிலர் கேட்பார்கள். இன்குலாப்பின் 'மனுசங்கடா' பாடலில் புராணமும் இல்லை, தெய்வமும் இல்லை. கே.ஏ.குணசேகரனின் குரலில் அது ஊர் ஊராகச் சென்றது. 2021இல் அறிவு எழுதிய 'எஞ்சாய் எஞ்சாமி' கோடிக்கணக்கானோரை எட்டியது. நிலமற்றுப்போன உழைப்பாளிகளின் வரலாறு அதில் ஒப்பாரியின் சாயலோடு ஒலிக்கிறது. அதைக் கவிதையாகக் கருதி விவாதித்த இலக்கிய இதழ்கள் எத்தனை? கவிதை வெகுமக்களை அடைந்தபோது நாம் அதைப் பாட்டு என்று சொல்லி ஒதுக்கிவிட்டு, கவிதை ஏன் அடையவில்லை என்று கருத்தரங்கம் நடத்துகிறோம்.

பாரதப் பந்தலை நாம் பொற்காலமாகக் காட்டவில்லை. அந்தப் பந்தல் எல்லோருக்கும் இடம் கொடுத்ததில்லை. விழுப்புரத்தை அடுத்த மேல்பாதியின் தர்மராஜா திரௌபதியம்மன் கோயில், தலித் மக்களின் நுழைவு தொடர்பான மோதலால் 2023 ஜூனில் பூட்டி முத்திரையிடப்பட்டது. 2025 ஏப்ரலில்தான் அவர்கள் உள்ளே சென்று வழிபட முடிந்தது. வெகுமக்கள் என்ற சொல்லை உச்சரிப்பவர்கள் முதலில் இதற்கு விடை சொல்லட்டும்: அவையில் யார் அமரலாம்? குளிரூட்டிய அரங்கில் அழைப்பிதழ் வைத்து நடத்தும் கவிதை நிகழ்வும் தன் வாசலில் யாரையோ நிறுத்தித்தான் வைத்திருக்கிறது. பந்தலின் முறையைக் கற்போம். அதன் வேலியை அல்ல.

நாம் கேட்பது பெரிதல்ல. கவிதைக்கு ஏழு நிமிடம் அல்ல, ஒரு மாலை கொடுங்கள். அரங்கை விட்டு, எல்லாத் தெருவினரும் வரக்கூடிய பொது இடத்துக்கு வாருங்கள். கவிதையை நீர்க்கச் செய்யாமல் முழுதாகப் பாடுங்கள் அல்லது படியுங்கள். பிறகு பக்கத்தில் நின்று பேசுங்கள். அவையிலிருந்து எழும் கேள்விக்கும் கேலிக்கும் இடம் விடுங்கள். ஆசிரியர்களாகிய நாம் நாளை வகுப்பில் குறிப்பேட்டை மூடிவிட்டு ஒரு கவிதையை வாய்விட்டுப் படிப்பதிலிருந்து தொடங்கலாம். அதற்கு எந்தக் குழுவின் ஒப்புதலும் தேவையில்லை.

மக்கள் கவிதையை விட்டுப் போகவில்லை. அவர்கள் பந்தலில்தான் அமர்ந்திருக்கிறார்கள். எழுந்து போனவர்கள் நாம்.