எந்த இனம் என்று சொல்லுங்கள்

நாஞ்சில் நாடு நெல்லுக்கும் வாழைக்கும் தென்னைக்கும் பேர் போன பூமி. எலுமிச்சை இங்கே பெரும் பயிர் அன்று. கிணற்றடியில் ஒரு மரம், கொல்லையில் ஒரு மரம் என்ற அளவில் வளர்வது. ஆயினும் அம்மன் மாலைக்கும் ஊறுகாய்ப் பரணிக்கும் கலியாண வீட்டிற்கும் அக்கனி இல்லாமல் முடியாது. ஆரல்வாய்மொழிக் கணவாய்க்கு அப்பால், கடையத்திலும் புளியங்குடியிலும், அதனை நம்பியே ஜீவனம் செய்யும் குடும்பங்கள் அநேகம். அந்த மரத்தை அரிக்கும் ஒரு நோயைக் குறித்தும், அதைப் பற்றி நாம் கேட்க வேண்டிய கேள்வியைக் குறித்தும் இன்று எழுதுகிறோம்.

நோயின் பெயர் டிரிஸ்டெசா. ஸ்பானிய, போர்த்துகீசிய பாஷைகளில் அதற்குத் ‘துயரம்’ என்று பொருள். 1930-களில் தென் அமெரிக்காவில் ஆரஞ்சு மரங்கள் லட்சக்கணக்கில் பட்டுப்போயின. அதற்குக் காரணம் ஒரு வைரஸ் என்பதும், அசுவினிப் பூச்சி அதை மரத்துக்கு மரம் சுமந்து செல்கிறது என்பதும் 1946-ல் பிரேஸிலில் மெனகினி என்பவர் செய்த சோதனையால் விளங்கின. இந்தியாவிலும் இந்த வைரஸ் வெகு காலமாக நிலைகொண்டுவிட்டது.

ஆனால் வைரஸ் ஒன்றாயினும் அதன் இனங்கள் பல. ஓர் இனம், கிச்சிலி வேரில் ஒட்டிய ஆரஞ்சு மரத்தைச் சில வாரங்களில் வாட்டிக் கொல்லும். மற்றோர் இனம் மரத்தைக் கொல்லாது. பட்டையை உரித்தால் உள்ளே கட்டையில் குழி குழியாகத் தெரியும், காய் சிறுக்கும், கிளை நுனியிலிருந்து காயும். எலுமிச்சையை வருத்துவது பெரும்பாலும் இதுவே. வேறோர் இனமோ மரத்தில் ஆண்டுக்கணக்காக இருந்தும் யாதொரு தீங்கும் செய்யாது. இவற்றுள் இரண்டு மூன்று ஒரே மரத்தில் கலந்து குடியிருப்பதும் உண்டு.

ஆகவே, ‘இம்மரத்தில் வைரஸ் இருக்கிறது’ என்று சொல்வதால் மட்டும் குடியானவனுக்கு என்ன பிரயோஜனம்? வெட்டுவதா, வைத்திருப்பதா, அதிலிருந்து ஒட்டுக்குச்சி எடுக்கலாமா என்ற கேள்விகளுக்கு அதில் விடை இல்லை. கலிபோர்னியாவின் மத்தியப் பள்ளத்தாக்கில் வைரஸ் கண்ட மரத்தையெல்லாம் பிடுங்கும் திட்டம் பல்லாண்டு நடந்தது. பின்னர், கொடிய இனம் என்று ஐயுறத்தக்க மரங்களை மட்டும் நீக்கும் முறைக்கு அங்குள்ளோர் மாறினார்கள். அனுபவம் கற்பித்த பாடம் அது.

இனம் காண வழி இல்லாமலும் இல்லை. உலகத்து ஆராய்ச்சியாளர் இந்த வைரஸுக்குச் சாட்சியாக வளர்க்கும் செடி ‘மெக்சிகோ எலுமிச்சை’. அது வேறொன்றும் அன்று, நம் வீட்டுச் சிற்றெலுமிச்சையே! ஐயத்துக்குரிய மரத்தின் மொட்டை அதில் ஒட்டினால், இளம் இலையை வெயிலுக்கு நேரே பிடிக்கும்போது நரம்புகள் இடையிடையே வெளிறித் தெரியும். அந்தக் குறிகள் எவ்வளவு கடுமை என்பதிலிருந்து இனத்தின் குணத்தை ஊகிக்கலாம். இதற்கு மாதக்கணக்காகும். இக்காலத்திலோ, சுமார் 19,300 எழுத்துகள் கொண்ட அதன் மரபுச் சரத்தையே படித்து, இன்ன இனமென்று விரைவில் சொல்ல இயலும். பெங்களூர் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில் பாலராமனும் ராமகிருஷ்ணனும் எலுமிச்சையைத் தாக்கும் இனங்களைப் பிரித்து ஆராய்ந்து 1977-லும் 1980-லும் முடிவுகளை வெளியிட்டார்கள். மெல்லிய இனத்தை முன்னரே செடியில் ஏற்றிவிட்டால் கொடிய இனம் புகாமல் தடுக்கலாம் என்பதும் அவர்களுடைய ஆராய்ச்சிப் பொருள். அம்மை குத்துவது போன்ற உபாயம் இது; பிரேஸிலில் பல லட்சம் ஆரஞ்சு மரங்கள் இவ்வழியில் காக்கப்பட்டன. இனம் அறியாமல் இதில் இறங்குவதோ, நல்ல மருந்தென்று நஞ்சை ஊட்டுவதாகும்.

‘இலை மஞ்சளித்தால் நுண்ணூட்டம் தெளித்தால் போதாதா?’ என்று கேட்பாருண்டு. துத்தநாகக் குறைவாலும் இலை மஞ்சளிக்கும், பாக்டீரியாவால் வரும் பசுமை நோயாலும் மஞ்சளிக்கும், டிரிஸ்டெசாவாலும் மஞ்சளிக்கும். நோய் இன்னதென்று அறியாமல் மருந்துக்குச் செலவிடுவது ஏழைக் குடியானவனின் பணத்தை வாய்க்காலில் விடுவதற்கு ஒப்பாகும். சோதனைக்கு ஆகும் செலவு பெரிதென்பார், விதையிட்ட எலுமிச்சை காய்க்க நாலைந்து ஆண்டு ஆகும் என்பதையும் கணக்கில் சேர்த்துக் கொள்ளட்டும்.

இந்த வைரஸ் விதை வழியே செல்வதில்லை. ஒட்டுக்குச்சி வழியாகவும் அசுவினி வழியாகவுமே பரவுகிறது. எனவே காவல் வைக்க வேண்டிய இடம் நாற்றுப் பண்ணை. ஒட்டுக்குச்சி தரும் தாய்மரம் ஒவ்வொன்றும் சோதிக்கப்பட வேண்டும். பூச்சி புகாத வலைக்குள் கன்று வளர வேண்டும். விற்கும் கன்றுடன் அத்தாட்சிச் சீட்டும் கொடுக்கப்பட வேண்டும். பேச்சிப்பாறையில் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் உண்டு. வன்னிக்கோனேந்தலில் எலுமிச்சை இனப் பயிர்களுக்கென்றே ஒரு நிலையம் உண்டு. குடியானவன் ஒரு பிடி இலையைக் கொண்டு சென்றால், வைரஸ் உண்டா என்பதோடு எந்த இனம் என்பதையும் எழுத்தில் பெற்றுத் திரும்பும் ஏற்பாடு இவ்விடங்களில் நடக்க வேண்டும். சர்க்காரிடம் இதை நாம் தயவாகக் கேட்கவில்லை. வரி கொடுப்பவர்களின் உரிமையாகவே கேட்கிறோம்.

வாசகர்களும் கன்று வாங்கும்போது விலையைக் கேட்குமுன் தாய்மரத்தைப் பற்றிக் கேட்பார்களாக. கேட்பவர் பெருகினால் விற்பவர் விடை வைத்திருப்பார்.