மூன்று இரண்டானது யாருக்குத் தெரியும்?

வேலை பறிபோனவர் லேபர் வக்கீலிடம் உடனே வருவதில்லை. மேனேஜர் திரும்பக் கூப்பிடுவார் என்ற நம்பிக்கையில் சில மாதம் ஓடும். வேறு வேலை தேடுவதில் இன்னும் சில மாதம். பிறகுதான் யாரோ சொல்லி, சென்னை தம்புச் செட்டித் தெருவில் ஒரு குறுகலான மாடிப்படி ஏறுகிறார். மஞ்சப்பையில் அடையாள அட்டை, மூன்று சம்பளச் சீட்டு, ‘நாளையிலிருந்து வர வேண்டாம்’ என்று வாட்ஸ்அப்பில் வந்ததன் பிரிண்ட் அவுட். பையைப் பிரிக்கும் முன்பே வக்கீல் கேட்பார்: “எதிலாவது கையெழுத்துப் போட்டுக் கொடுத்தீங்களா?” போட்டிருப்பார். ராஜினாமா கடிதம்.

இந்தத் தாமதத்தைப் பழைய சட்டம் ஓரளவு பொறுத்துக்கொண்டது. 1947ஆம் ஆண்டின் தொழில் தகராறுகள் சட்டத்தில் 2010இல் செய்த திருத்தம், வேலைநீக்கத்தை எதிர்த்துத் தொழிலாளி தானே வழக்குப் போட மூன்று ஆண்டு தந்தது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்திருக்கும் தொழில் உறவுகள் சட்டத்தொகுப்பு அதை இரண்டாக வெட்டிவிட்டது. 300 பேருக்குக் குறைவாக வேலை செய்யும் ஆலையை மூட அரசின் முன் அனுமதி தேவையில்லை என்ற பிரிவுக்குக் கிளம்பிய கூச்சலில் ஒரு பங்குகூட இதற்கு இல்லை. ஆலைமூடலை எதிர்க்கச் சங்கம் இருக்கிறது; தனி ஆளாக வெளியே தள்ளப்பட்டவருக்கு இருப்பது காலண்டர் மட்டும்தானே.

கையெழுத்துதான் இதில் பெரிய கண்ணி. தானே விலகியவரை யாரும் நீக்கவில்லை என்பது நிர்வாகத்தின் வாதம். கதவைச் சாத்திக்கொண்டு மிரட்டி வாங்கினார்கள் என்று நிரூபிக்கும் சுமை தொழிலாளியின் தலையில். மறுநாளே மறுப்புக் கடிதம் எழுதி ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்தியிருந்தால் வழக்கின் முகமே வேறு. அதைச் சொல்ல அன்று பக்கத்தில் யாரும் இல்லை.

ஐ.டி. ஊழியர் நிலை இன்னும் சிக்கல். 2025 ஜூலையில் டி.சி.எஸ். தன் ஊழியர்களில் ஏறத்தாழ 2 சதவீதத்தினரை, அதாவது சுமார் 12,000 பேரை, குறைக்கப்போவதாக அறிவித்தபோது, அவர்கள் சட்டத்தின் கண்ணில் ‘தொழிலாளி’தானா என்ற கேள்வியே முதலில் எழுந்தது. விசிட்டிங் கார்டில் ‘லீட்’ என்று அச்சடித்துவிட்டால் ஒருவர் நிர்வாகி ஆகிவிட மாட்டார். அன்றாடம் அவர் பார்க்கும் பிரதான வேலை என்ன என்பதையே நீதிமன்றங்கள் பார்த்து வந்திருக்கின்றன. ஆனால் இதை வாதாடி நிலைநாட்டத் தேர்ந்த வக்கீல் வேண்டும். அந்த வக்கீலும் எதிர்த்தரப்பு சம்மதித்து, மன்றமும் அனுமதித்தால்தான் ஆஜராக முடியும். ஏழைத் தொழிலாளியைக் காப்பதற்காகக் கொண்டுவந்த விதி இது. நிர்வாகமோ முதலாளிகள் சங்கப் பொறுப்பாளர் என்ற பெயரில் வக்கீலையே உட்கார வைக்கலாம். உச்ச நீதிமன்றம் 1976இல் பாரதீப் துறைமுக வழக்கில் திறந்துவிட்ட வழி அது.

1918இல் மெட்ராஸ் லேபர் யூனியன் தொடங்கிய ஊர் இது. பின்னி ஆலை நிர்வாகம் அந்தச் சங்கத்தின் தலைவர் வாடியாவை நீதிமன்றத்துக்கு இழுத்ததன் தொடர்ச்சியாகத்தான் 1926இல் தொழிற்சங்கச் சட்டமே பிறந்தது. அதே ஊரில் இன்று காலக்கெடு சுருங்கியதைத் தொழிலாளி வக்கீல் மேசையில்தான், அதுவும் கெடு முடிந்த பிறகு, கேட்டுத் தெரிந்துகொள்ளப் போகிறார்.

அரசிடம் கேட்பது பெரிதல்ல. சட்டப் பணிகள் ஆணையங்கள் சட்டம், 1987இன் 12ஆம் பிரிவு, ஆலைத் தொழிலாளிக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச வக்கீல் தரச் சொல்கிறது. எத்தனை பேருக்கு இது தெரியும்? ஒவ்வொரு மாவட்டச் சட்டப் பணிகள் ஆணையத்திலும் லேபர் வழக்கு நடத்தத் தெரிந்த வக்கீல்களுக்குத் தனிப் பட்டியல் வேண்டும். தொழிலாளர் துறை அலுவலகத்தின் வாசலிலேயே, பெரிய எழுத்தில், தமிழில் ஒரு போர்டு வேண்டும். வேலை போன நாளிலிருந்து இரண்டே ஆண்டு என்பது அதன் முதல் வரியாக இருக்கட்டும்.